கொடுத்த சைக்கிளும் கொடுக்காத ரோடும்

சைதாப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அக்காவின் மகளுக்குப் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு சைக்கிள் கிடைத்தது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், நல்ல வண்டி. மூன்றே வாரத்தில் பார்த்தால் அதில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு அவள் அப்பா அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாகப் போய்க்கொண்டிருக்கிறார். பாப்பா ஓட்டலையா என்று கேட்டேன்.

"ஸ்கூலு அந்தப் பக்கம் இருக்கு சார். மெயின் ரோட்டைத் தாண்டணும். பஸ் பாஸ் இருக்குல்ல, அதுலயே போயிட்டு வரட்டும்" என்றார் அக்கா.

அவர் மெயின் ரோடு என்று சொன்னது அண்ணா சாலையை. பள்ளிக்கூடம் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இருக்காது.

சென்னை மாநகராட்சி 2014ல் ஏற்றுக்கொண்ட மோட்டார் சாரா போக்குவரத்துக் கொள்கையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். இந்தியாவில் ஒரு மாநகராட்சி இப்படி ஒரு கொள்கையை நிறைவேற்றியது அதுதான் முதல் முறை என்று அப்போது பெருமையாகப் பேசினோம். 'பேசினோம்' என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பத்து வருஷம் தாண்டிவிட்டது. வழக்கமாக இந்த மாதிரி ஆவணங்களை 'நல்ல கொள்கை, மோசமான அமலாக்கம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை மனதில் வைத்துக்கொண்டு திரும்பப் படித்தபோது, கோளாறு கொள்கைக்கு உள்ளேயே இருப்பதாகத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் தோண்டினால், நம்ம ஊர் அரசியல் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்ற இடத்தில் போய் முட்டுகிறது.

முதலில் பெயர். மோட்டார் சாரா போக்குவரத்து. தமிழில் கறி சாப்பிடுகிறவர்கள்தான் பெரும்பான்மை, ஆனால் அவர்கள் சாப்பாட்டுக்குப் பெயர் அ-சைவம். சைவம் இல்லாதது. அதே கதைதான் இங்கேயும். 2008ல் சென்னைக்கு எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்வின்படி, நூறு பயணங்களில் 28 நடந்தே நடந்தன. பஸ்ஸில் 26. டூவீலரில் 25. காரில் 6. சைக்கிளில் 6. அதாவது இந்த ஊரில் மக்கள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போன வழிகளிலேயே முதலிடம் காலுக்குத்தான். முதலிடத்தில் இருப்பவனை 'மோட்டார் இல்லாதவன்' என்று கூப்பிட்டுக்கொண்டுதான் கொள்கையே ஆரம்பிக்கிறது. பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். இலக்கு வைக்கும் இடத்துக்கு வந்தால் தெரியும்.

2018க்குள் நடை, சைக்கிள் இரண்டும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்பது கொள்கையின் இலக்குகளில் ஒன்று. 28ஐயும் 6ஐயும் கூட்டிப் பாருங்கள். 34. கொள்கை எழுதும்போதே முக்கால்வாசித் தூரம் கடந்தாகிவிட்டது, ஏனென்றால் பஸ்ஸுக்குக் காசு இல்லாதவர்கள் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தார்கள். ஊர் இன்னும் கொஞ்சம் ஏழையானால்கூட இந்த இலக்கை எட்டிவிடலாம்! விரும்பி நடப்பவனையும் வேறு வழியில்லாமல் நடப்பவனையும் ஒரே எண்ணுக்குள் போட்டால் இதுதான் ஆகும். 1970ல் நூற்றுக்கு சுமார் 20 பயணங்கள் சைக்கிளில் நடந்தன. 2008ல் அது 6 ஆனது. இடையில் சைக்கிளை விட்டவர்கள் யார், எதற்காக விட்டார்கள், எந்த ரோட்டில் பயந்து விட்டார்கள் என்ற கேள்வியிலிருந்து ஒரு கொள்கை ஆரம்பித்திருந்தால் அது வேறு மாதிரி ஆவணமாக இருந்திருக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆவணத்தில் ஒரு துணிச்சலான வரி இருந்தது: மாநகராட்சி போக்குவரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும். எண்பது சதவீதத் தெருக்களிலாவது தொடர்ச்சியான நடைபாதை. நடப்பவர், சைக்கிள்காரர் சாவு பூஜ்யம். இதை எழுதியவர்கள் ஏனோதானோ என்று எழுதவில்லை. அதற்குப் பிறகு சில ரோடுகளில் உண்மையிலேயே நல்ல நடைபாதை வந்தது, நானே அதில் நடந்திருக்கிறேன்.

ஆனால் மாநகராட்சி போட்ட தீர்மானம் மாநகராட்சியைத்தான் கட்டுப்படுத்தும். அண்ணா சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. பஸ் எம்டிசியுடையது. சிக்னல் போலீஸுடையது. மெட்ரோ தோண்டினால் அது மெட்ரோ நிறுவனத்துடையது. இவர்களையெல்லாம் ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010ல் சட்டம் போட்டார்கள். அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு வருஷம். 2025ல் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே ஆப்பில் டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. நல்ல விஷயம், நானும் பயன்படுத்துகிறேன். டிக்கெட்டை ஒருங்கிணைப்பதை ஒப்பிட்டால் ரோட்டை ஒருங்கிணைப்பது வேறு ஜாதி வேலை.

இன்னொன்றை நாம் மறந்தே போய்விட்டோம். 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. இட ஒதுக்கீட்டுக் குளறுபடியால் ஹைகோர்ட் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. கொள்கை இலக்கு வைத்த 2018 அந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. 2019ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகமும் அதே வருஷம் வந்த வாடகை சைக்கிள் திட்டமும்கூட அந்த இடைவெளியில் பிறந்தவைதான். ஸ்மார்ட் சிட்டிப் பணம், ஆலோசகர்கள், அதிகாரிகள். யாரும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டுவிட்டு இதைச் செய்யவில்லை.

பாண்டி பஜார் எனக்குப் பிடிக்கும். சாயங்காலம் அங்கே குழந்தைகள் ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். (2013ல் அதே ரோட்டின் பிளாட்பாரத்திலிருந்து வியாபாரிகளைக் கிளப்பி அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் பிடிக்கும்.) ஆனால் கூப்பிடு தூரத்தில் மாம்பலம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரைக்கும் 2023ல் 570 மீட்டர் ஆகாய நடைமேடை திறந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது, மழையில் நனையாது, எல்லாம் சரி. ரங்கநாதன் தெருவில் நசுங்கியவர்களுக்கு அது நிம்மதிதான். ஆனால் அது என்ன சொல்கிறது? மனுஷன் மேலே ஏறட்டும், வண்டி தரையில் போகட்டும் என்கிறது. பாண்டி பஜார் சொன்னதற்கு நேர் எதிர். ஒரே பேட்டையில், நாலு வருஷ இடைவெளியில். இரண்டையும் ஒரே மாதிரி கைதட்டி வரவேற்றோம்.

வாடகை சைக்கிள் திட்டம் கதை இன்னும் வேடிக்கை. மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஸ்மார்ட்போன் வேண்டும், ஆப் வேண்டும், அதில் முன்கூட்டியே பணம் போட வேண்டும். நைட் டியூட்டி முடித்து ஆறு மணிக்குச் சைக்கிளில் வீடு திரும்பும் வாட்ச்மேனிடம் ஏற்கனவே சைக்கிள் இருக்கிறது. தண்ணி கேன் போடுபவரிடம் இருக்கிறது. பூ விற்பவரிடம், டீ கேன் கட்டி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குபவரிடம் இருக்கிறது. அவர்களுக்குத் தேவை சைக்கிள் அல்ல, ஓட்ட ஓரமாக ஒரு இடம். அரசுக்குத் தெரிந்த ஒரே வழி இன்னொரு சைக்கிளைக் கொடுப்பது. இலவச சைக்கிள் கொடுத்த அதே கைதான் இது, கொஞ்சம் இங்கிலீஷ் பேசுகிறது, அவ்வளவுதான். அந்த சைக்கிள்களும் துருப்பிடித்துக் காணாமல் போயின.

இந்த விமர்சனத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதே 2014ல் பெசன்ட் நகரில் ஞாயிறு காலை கார் இல்லாத ரோடு என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. நான் தவறாமல் போனேன். ஹெல்மெட், கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டு. இரண்டு மணி நேரம் ரோடு நமக்கே நமக்கு. அந்த நேரத்தில்கூட பால் பாக்கெட் போட்டுவிட்டுத் திரும்புபவர் ஒருவர், நடுவில் நடந்த ஜூம்பா ஆட்டத்தைச் சுற்றிக்கொண்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். அவரைப் படம் எடுத்தவர்கள்கூட இருந்தார்கள். அவருக்குத் திங்கட்கிழமை காலையில் என்ன வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் ஜாக்கிரதையாக எழுத வேண்டும், ஏனென்றால் 'இலவசத்தால் நாடு கெட்டுப் போச்சு' கூட்டத்தோடு என்னைச் சேர்த்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் சைக்கிள் ஒரு சாதாரண வண்டி அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது அங்கே கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவுப் பாடத்தோடு சைக்கிளையும் சேர்த்தது சாதாரண காரியமில்லை. பிறகு 2001-02ல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, போகப் போக அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் எல்லாருக்கும் விரிந்தது. ஆட்சி மாறினாலும் திட்டம் நிற்கவில்லை. 2006ல் பீகார் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் மாணவிகள் சேர்க்கை 32 சதவீதம் கூடியதாகக் காட்டினார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் தெரிந்தது. ஆகவே சைக்கிள் கொடுப்பது வீண் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

ஆனால் அந்த ஆய்வின் களம் கிராமம். ரோட்டில் வண்டி குறைவு. அங்கே சைக்கிளைக் கொடுத்தால் பாதையையும் சேர்த்துக் கொடுத்தது மாதிரி. அண்ணா சாலையில் அப்படி இல்லை. இங்கே சைக்கிள் பாதி வரம்தான், மீதிப் பாதி ரோட்டில் இருக்கிறது, அதை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸுக்கும் இதே கணக்கு. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று உத்தரவு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ஊர்ப் போக்குவரத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் அதுதான் என்று நான் நினைக்கிறேன், மெட்ரோ அல்ல. மாநிலத் திட்டக்குழு சில மாவட்டங்களில் எடுத்த ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு அது என்ன தொகை என்று அவரிடமே கேளுங்கள். இதை 'ஓசி' என்று 2022ல் ஒரு மேடையில் அமைச்சர் பொன்முடி பேசிப் பெரிய சர்ச்சையானது. அவர் விளையாட்டாகச் சொன்னதாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வார்த்தை வாயில் வந்ததே, ஏன்? உரிமை என்று நினைத்திருந்தால் வந்திருக்காது.

டிக்கெட் இலவசம் ஆயிற்று. பஸ்ஸுக்குத் தனி லேன் கிடைத்ததா? இல்லை. சென்னைக்குப் பஸ் விரைவுப் பாதை வரப்போகிறது என்று இருபது வருஷமாகப் பேச்சு இருக்கிறது, பேச்சு மட்டும் இருக்கிறது. 2011ல் மாநகராட்சிப் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. எம்டிசி பஸ் மட்டும் இன்னும் மூவாயிரத்துச் சொச்சத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அறுபது பேர் நிற்கும் பஸ், ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் காருக்குப் பின்னால் நந்தனம் சிக்னலில் நிற்கிறது. பெண்ணுக்குக் காசை மிச்சப்படுத்திக் கொடுத்தோம், அவள் நேரத்தைத் தொடவில்லை. 2018ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்த திட்டத்தையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள், ஸ்கூட்டர், டிக்கெட். மூன்றும் ஆளுக்கு ஆள் கையில் கொடுக்கக்கூடியவை. ரோட்டை அப்படிக் கையில் கொடுக்க முடியாது. ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் இன்னொருத்தரிடமிருந்து எடுக்க வேண்டும்.

எங்கள் வட்டத்தில் கட்சிப் பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் இதைப் பேசிப் பார்த்தேன். பெயர் வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பார்க்கிங்கை எடுத்தா நாளைக்குக் காலைல கடைக்காரங்க சங்கத்தோட வந்து நிப்பாங்க தம்பி. சைக்கிள்காரன் எவன் வந்து நிக்கிறான்? அவன் பாட்டுக்குப் போயிட்டே இருப்பான்."

இதைக் கேட்டுக் கோபப்படுவதில் அர்த்தமில்லை. அவர் கணக்கு சரி. சைக்கிள் கொடுத்தால் பயனாளிகள் பட்டியல் உண்டு, விழா உண்டு, எம்எல்ஏ கையால் சாவி உண்டு. நடைபாதையை ஒரு மீட்டர் அகலப்படுத்தினால் யாருக்கு நன்றி சொல்வது என்றே யாருக்கும் தெரியாது. மேம்பாலம் அப்படி இல்லை. 1996ல் நேரடித் தேர்தலில் மேயரான ஸ்டாலின் காலத்தில் கட்டிய ஒன்பது மேம்பாலங்களை இன்றைக்கும் தி.மு.க. மேடையில் சொல்கிறார்கள். அதே மேம்பாலங்களில் ஊழல் என்று வழக்குப் போட்டு 2001ல் நள்ளிரவில் கருணாநிதியைக் கைது செய்தார்கள். ஆட்சியின் சாதனையும் மேம்பாலம், எதிராளியைப் பிடிக்கப் போட்ட வழக்கும் மேம்பாலம். அந்தப் பாலங்கள் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கட்சிகளும் சண்டை போட்டதாக எனக்குத் தெரியவில்லை. எவ்வளவுக்குக் கட்டினாய் என்பதுதான் சண்டை.

இப்போது தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலையில் 3.2 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை, 621 கோடி. 2024 தொடக்கத்தில் அடிக்கல் நாட்டினார்கள். கீழே சுரங்கத்தில் மெட்ரோ ஓடுகிறது, தரையில் ரோடு, தலைக்கு மேல் பாலம். மாநகராட்சியின் 60 சதவீத வாக்குறுதி இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் இது மாநகராட்சிப் பணமே இல்லை. கொள்கை எழுதியவர்கள் மாநகராட்சியின் பாக்கெட்டை மட்டும் பார்த்து 60 என்று எழுதினார்கள். பெரிய பணம் வேறு பாக்கெட்டில் இருந்தது. பாலம் வந்த பிறகு கீழே ரோடு காலியாகும், அப்போது சைக்கிளுக்கும் இடம் கிடைக்கும் என்று ஒரு நண்பர் வாதாடினார். கத்திப்பாராவுக்குக் கீழே ஒருநாள் நடந்து பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

2022ல் கவுன்சிலர்கள் திரும்ப வந்தார்களே, ஏதாவது மாறியதா என்று கேட்பீர்கள். ஒன்று மாறியிருக்கிறது. வார்டு கமிட்டி, பகுதி சபை என்று சட்டப்படி மக்கள் கூடிப் பேச ஒரு இடம் வந்திருக்கிறது. நான் போன ஒரு கூட்டத்தில் தெருவிளக்கு, மழைநீர் வடிகால், நாய், குப்பை, திரும்பவும் வடிகால். எல்லாம் நியாயமான கோரிக்கைதான். நான் எழுந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் அண்ணா சாலையைச் சைக்கிளில் தாண்ட சிக்னல் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று சொன்னேன். உதவிப் பொறியாளர் குறித்துக்கொண்டார். அது போலீஸ் சமாச்சாரம் சார் என்றும் சொன்னார். இஸ்திரி அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். கூட்டம் பகல் பதினோரு மணிக்கு. வண்டியை விட்டுவிட்டு எப்படி வருவார்?

அந்தப் பெண் இப்போது காலேஜ் போகிறாள், பஸ்ஸில், டிக்கெட் இல்லாமல். வெள்ளை போர்டு வர சில நாள் அரை மணி நேரம் ஆகிறதாம். சைக்கிள் அப்பாவிடம்தான் இருக்கிறது. போன மாதம் பின் டயரும் பிரேக் கட்டையும் மாற்றினார். முன்கூடையைக் கழற்றிவிட்டார், மூட்டை கட்ட இடைஞ்சலாக இருக்கிறதாம்.